சாட்சி எண் மூன்று

மேயோ ஹாலில் என் பெயரை மூன்று முறை கூவினார்கள்.
மூன்றாவது முறைதான் அது என் பெயர் என்று தெரிந்தது.
எபினேசர் தவமணி, கூவுகிறவர் வாயில்
எப்ஜர் தமணி ஆகியிருந்தது.

கூண்டு சினிமாவில் காட்டுவது மாதிரி இல்லை.
இடுப்பளவு மரச்சட்டம்,
அதில் யாரோ பேனாவால் கிறுக்கிய கைபேசி எண்.

தேவர மேலே பிரமாண மாடி, என்றார் குமாஸ்தா.
ஆணையிட மாட்டேன், உறுதி சொல்கிறேன் என்றேன்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
நாத்திகரா?
இல்லை.
கிறிஸ்தவரா?
ஆமாம். ஒரு மாதிரி. குவேக்கர்.
ஓட்ஸா, என்று பின்னால் ஒரு ஜூனியர் சிரித்தார்.
சட்டத்தில் இடமிருக்கிறது. ஐந்து நொடியில் முடிந்தது.
ஒன்பது வருடமாகத் தயார் செய்த விளக்கம்
சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

ஆணையிட்டால்தான் உண்மை என்றால்
மற்ற நாளெல்லாம் நான் பேசுவது என்ன?
அதுதான் விளக்கம்.
அம்மா சத்தியமா, பைபிள் மேல சத்தியமா,
இட்லி சாப்பிட்டேன் சத்தியமா.
சத்தியம் சர்க்கரைப் பொங்கல் என்று
விழுங்கி ஏப்பம் விட்ட மொழியில்
அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள்,
படி தவறிய கால் மாதிரி நாக்கு தடுக்கும்.
"அதான் சத்தியம் பண்ண மாட்டேங்கிறியே" என்று
ஜெசிந்தா இன்றும் சண்டையில் ஜெயிக்கிறாள்.

அன்று காலை மேலாளருக்குக்
காய்ச்சல் என்று அனுப்பியிருந்தேன்.
வழக்கமாகச் சொல்வது
சில்க் போர்டில் மாட்டிக்கொண்டேன் என்பது.
இந்த ஊரில் அதையெல்லாம்
யாரும் பொய்க் கணக்கில் எழுதுவதில்லை.

கேள்வி ஒன்றுதான். சிக்னல் சிவப்பா, பச்சையா?

ஹென்னூர் சாலை, இரவு பதினொன்றே கால், தூறல்.
நான் பார்த்தது:
தூக்கியெறியப்பட்ட சாப்பாட்டுப் பை.
உருண்டோடிய கிண்ணம், அதன் மூடி கழலவே இல்லை.
கார்க்காரர் இறங்கி முதலில் பம்பரைத் தடவியது.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் தண்ணீர் கேட்டது.
சிக்னலை நான் பார்க்கவில்லை.
மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பெஞ்சில் புட்டலட்சுமி.
மடியில் பிளாஸ்டிக் கவர்,
அதற்குள் ரேஷன் கார்டும் கணவனின் படமும்.
என்னைக் கண்டுபிடிக்க அவள் பதினொரு மாதம் அலைந்தாள்.
கெம்பு. கன்னடத்தில் எழுதினால் இரண்டே எழுத்து.
சிவப்பாகத்தான் இருந்திருக்கும்,
அந்த ஆள் நிதானமாகத்தான் வந்தார்.
இருந்திருக்கும்.

பார்க்கவில்லை, என்றேன்.

அவள் அழவில்லை.
கவரின் வாயை ஒரு சுற்றுச் சுற்றி
அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.
படியிறங்கும்போது கேட்டாள், கோபமே இல்லாமல்:
நீங்க அங்கதானே இருந்தீங்க சார்?

காக்ஸ் டவுனில் டாக்டர் மஸ்கரேனஸின் பல் ஆஸ்பத்திரி
ஞாயிறு விடுமுறை.
நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகள் அன்று எங்களுக்கு.
ஏழு பேர். போதகர் இல்லை, பாட்டு இல்லை.
கடைவாய்ப் பல்லின் வேரைக் காட்டும் படத்துக்குக் கீழே
ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவோம்.
சொல்ல வந்தால் எழுந்து சொல்லலாம்.
வெளியே தண்ணீர் லாரி பின்வாங்கும் சங்கீதம்,
எதிர்ச் சபையின் ஒலிபெருக்கியில் அல்லேலூயா.

ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்கிறோம்.
கார்க்காரருக்குள்ளும். சரி.
அன்றிரவு என் முகத்தில் இருந்தது
ஆறு அங்குல மொபைலின் ஒளி.

நாற்பதாவது நிமிடம் எழுந்தேன்.
பொய் சொல்லவில்லை, என்று ஆரம்பித்தேன்.
அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்தேன்.
யாரும் தோளைத் தட்டவில்லை. யாரும் இருமவில்லை.
ஃபில்டரிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

திங்கட்கிழமை மேலாளருக்கு எழுதினேன்:
வெள்ளியன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, கோர்ட்டுக்குப் போனேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

புட்டலட்சுமியின் எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன்.
எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஹென்னூர் சாலையில் இப்போதெல்லாம்
நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
பச்சை. இன்னும் பச்சை.
பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.